கிராமத்து பப்புக்கு முதல் தடவை போறீங்களா? ரியல் ஏல் கேக்கறதுல இருந்து க்ளாஸ திருப்பி வெக்கிற வரைக்கும்

இங்கிலாந்துக்கு வேலைக்கோ படிக்கவோ வந்து ரெண்டு மூணு வருஷம் ஆகியும் ஒரு நல்ல கிராமத்து பப்புக்குள்ள காலே வெக்காத நம்ம ஆளுங்க நிறைய பேர எனக்குத் தெரியும். குடிக்கிறவங்க மட்டும் போற எடம்னு ஒரு நெனப்பு, உள்ள போனா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்களோன்னு ஒரு கூச்சம், என்ன கேக்கறது யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாத தயக்கம். நம்ம ஊர்ல பார்னு சொன்னாலே மனசுல வர்ற படம் வேற இல்லையா, அதனால குடும்பத்தோட போலாம்னு தோணவே தோணாது. ஆனா இங்க ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் போய்ப் பாருங்க, ஒரு மூலையில தாத்தா பாட்டி பேரன்னு மூணு தலைமுறை சாப்பிட்டுட்டு இருக்கும், இன்னொரு மூலையில சேத்து பூட்ஸோட நடந்து வந்தவங்க, அடுப்புக்குப் பக்கத்துல யாரோடதோ நாய் தூங்கும். ஊர்த் திண்ணை மாதிரியான எடம்தான் அது.

பொதுவா சொன்னா மனசுல நிக்காது, அதனால ஒரே ஒரு பப்ப எடுத்துக்கறேன். வூஸ்டர்ஷயர்ல ஈவ்ஷம் பக்கத்துல பிரெட்ஃபோர்ட்டன்னு ஒரு கிராமம், அங்க இருக்கற தி ஃப்ளீஸ் இன். கட்டடத்துக்கு வயசு 600 வருஷத்துக்கு மேல. மொதல்ல அது பப்பே இல்ல, ஒரு விவசாயி வீடு, வீடும் மாட்டுத் தொழுவமும் ஒரே நீளக் கூரைக்குக் கீழ இருந்த வீடு. 1848லதான் பப்பா மாறுச்சு, அதுக்கப்புறமும் அதே குடும்பத்துக் கையிலயே இருந்துச்சு. கடைசியா நடத்துனவங்க லோலா டாப்ளின்னு ஒரு அம்மா, அவங்க 1977ல இறந்தப்போ இத நேஷனல் டிரஸ்டுக்கு, அதாவது பழைய கட்டடங்களப் பாதுகாக்கற அமைப்புக்கு, எழுதி வெச்சுட்டுப் போனாங்க, பப்பாவே நடக்கணும்னு. தன்னோட பப்புல பாக்கெட் சிப்ஸ் விக்கவே கூடாதுன்னு அவங்க பிடிவாதமா இருந்தாங்கன்னும் சொல்லுவாங்க.

2004 பிப்ரவரியில புகைக்கூண்டுல இருந்து பறந்த ஒரு நெருப்புப் பொறி ஓலைக்கூரையில பட்டு பெருசா எரிஞ்சுபோச்சு. பழைய மாதிரியே கட்டி, 2005 ஜூன்ல திரும்பத் தொறந்தாங்க. இப்ப போனாலும் அடுப்புக்கு முன்னாடி தரையில சாக்பீஸால போட்ட வெள்ளை வட்டங்களப் பாக்கலாம். சூனியக்காரிங்க புகைக்கூண்டு வழியா எறங்கி உள்ள வரக்கூடாதுன்னு போடற காவல் வட்டம், அழிய அழிய திரும்பப் போடுவாங்க. வாசல்ல கோலம் போட்டு வளந்தவங்களுக்கு அது சட்டுனு புரியும். இன்னொரு ரூம்ல மர அலமாரி நெறைய ஈயக்கலவைத் தட்டுகளும் குவளைகளும் அடுக்கி இருக்கும், பியூட்டர்னு சொல்லுவாங்க. 1651ல வூஸ்டர் சண்டைக்குப் போற வழியில, ராஜா பக்கத்துப் படைய எதுத்துப் போராடுன தளபதி ஆலிவர் க்ராம்வெல் பணத்துக்குப் பதிலா விட்டுட்டுப் போனதுன்னு ஒரு கதை, கதையாவே கேட்டுக்கோங்க.

கெளம்பறதுக்கு முன்னாடி

மொத வேலை, பப்போட வெப்சைட்ல ரெண்டு நேரத்தப் பாருங்க, ஒண்ணு பப் தொறந்திருக்கற நேரம், இன்னொண்ணு அடுப்படி நேரம். இது ரெண்டும் ஒண்ணு இல்ல, புதுசா போறவங்க பெரும்பாலும் சறுக்கறது இங்கதான். நிறைய கிராமத்து பப்புல மதியம் 12லருந்து ரெண்டு ரெண்டரை வரைக்கும்தான் சமையல், அப்புறம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல, நடுவுல நாலு மணிக்குப் பசியோட போய் நின்னா பீர் கெடைக்கும் சாப்பாடு கெடைக்காது. திங்கக்கிழமை மூடியே வெச்சிருக்கற பப்பும் உண்டு. ஞாயிறு மதிய சாப்பாட்டுக்குன்னா முன்கூட்டியே டேபிள் புக் பண்ணிடுங்க, ரோஸ்ட்னு சொல்ற ஞாயித்துக்கிழமை வறுத்த கறிச் சாப்பாடு தீந்துபோச்சுன்னா தீந்துபோச்சுதான்.

ரெண்டாவது, வண்டி. ஓட்டறவங்க குடிக்க வேணாம், அவ்வளவுதான், இதுல கணக்குப் பாக்காதீங்க. இங்கிலாந்துல சட்டப்படி 100 மில்லி ரத்தத்துல 80 மில்லிகிராம் ஆல்கஹால் வரைக்கும், ஸ்காட்லாந்துல 50தான், ஆனா எத்தன க்ளாஸுக்கு அந்த அளவு வரும்னு உடம்புக்கு உடம்பு மாறும். ஃப்ளீஸுக்கு ட்ரெயின்லயும் போலாம், லண்டன் பேடிங்டன்லருந்து வர்ற காட்ஸ்வோல்ட் லைன்ல ஹனிபோர்ன் இல்ல ஈவ்ஷம் ஸ்டேஷன்ல எறங்கி அங்கிருந்து டாக்ஸி. கிராமத்துல டாக்ஸிய ஆப்ல கூப்பிட்டா வந்துடாது, போறப்பவே திரும்பி வர்றதுக்கும் சேத்து பேசி வெச்சுக்கோங்க, ஞாயித்துக்கிழமை பஸ்ஸ நம்பிப் போகாதீங்க. நேஷனல் டிரஸ்ட் எடமாச்சேன்னு டிக்கெட் தேட வேணாம், இது பப்பு, கதவத் தொறந்துட்டு உள்ள போக வேண்டியதுதான்.

ஐடி ஒண்ணு கையில இருக்கட்டும். சட்டப்படி வயசு 18, ஆனா 25 வயசுக்குக் கீழ தெரியறவங்க யார்கிட்டயும் கேப்பாங்க, நம்ம முகத்துக்கு முப்பதுலயும் கேக்கறாங்க. பாஸ்போர்ட் இல்ல யூகே டிரைவிங் லைசென்ஸ் போதும். கொழந்தைங்கள கூட்டிட்டுப் போலாமான்னா பெரும்பாலான சாப்பாட்டு பப்புல தாராளமா, சில எடத்துல ராத்திரி ஒரு நேரத்துக்கு மேல வேணாம்பாங்க, அத மட்டும் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுக்கோங்க.

உள்ள போனதும்

கதவத் தொறந்தா ஒரு நிமிஷம் நில்லுங்க. கூரை உத்தரம் தலைக்கு ரொம்பக் கிட்ட இருக்கும், கொஞ்சம் உயரமானவங்க குனிஞ்சுதான் போகணும். யாரும் வந்து "வாங்க உக்காருங்க"ன்னு கூப்பிட மாட்டாங்க, அது மரியாதக் கொறச்சல் இல்ல, இங்க வழக்கமே நாமதான் பார் கவுண்டருக்குப் போகணும். சாப்பிடறதுன்னா மொதல்ல ஒரு டேபிளப் பிடிச்சு, அதுல நம்பர் இருக்கான்னு பாத்து வெச்சுக்கிட்டு, ஒருத்தர் மட்டும் எழுந்து பாருக்குப் போங்க. டேபிள்ல உக்காந்துட்டு சர்வர் வருவார்னு காத்திருந்தா அரை மணி நேரம் ஆனாலும் யாரும் வர மாட்டாங்க, டேபிளுக்கே வந்து ஆர்டர் எடுக்கற பப்பா இருந்தா உள்ள நுழையும்போதே சொல்லிடுவாங்க.

பார்ல வரிசை மாதிரி ஒண்ணும் தெரியாது, எல்லாரும் கவுண்டர் நீளத்துக்கு நின்னுட்டு இருப்பாங்க. ஆனா யாருக்கு அப்புறம் யாருன்னு நிக்கறவங்களுக்கும் தெரியும் உள்ள இருக்கறவங்களுக்கும் தெரியும். கைய ஆட்டறது, காச நீட்டறது, "எக்ஸ்க்யூஸ் மீ"ன்னு கூப்பிடறது எதுவும் வேணாம். கண்ணு பாத்தா போதும், ஒரு சின்னத் தலையசைப்பு. உங்களுக்கு முன்னாடி வந்தவர விட்டுட்டு உங்ககிட்ட கேட்டுட்டாங்கன்னா "இவர்தான் முன்னாடி"ன்னு சொல்லிடுங்க, அந்த ஒரு வார்த்தையிலயே நீங்க அந்த ஊர்க்காரங்களுக்குப் பிடிச்சவங்களா ஆயிடுவீங்க.

ரியல் ஏல்னா என்ன, எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது

இதுதான் விஷயத்தோட நடுமையம், கொஞ்சம் பொறுமையா படிங்க. ஏல்ங்கறது ஒரு வகை பீர், ரியல் ஏல்னா பீப்பாய்க்குள்ளயே பக்குவமாகற பழைய முறை ஏல்.

கவுண்டர்ல ரெண்டு வகை குழாய் இருக்கும். ஒண்ணு பளபளன்னு லைட் எரியற மெட்டல் டேப், அதத் திருகுனா பீர் தானா வரும், லாகர்னு சொல்ற நல்லா குளிர வெச்ச வெளிறிய பீர் எல்லாம் அதுல. வடிகட்டி, பெரும்பாலும் சூடாக்கி ஈஸ்ட அடக்கி, காஸ் அழுத்தத்துல மேல தள்றது. இன்னொண்ணு ஒரு முழ நீளத்துக்கு நிக்கற கைப்பிடி, மரத்துலயோ பீங்கான்லயோ, அதான் ஹேண்ட்பம்ப். ரியல் ஏல் அதுலதான் வரும். கீழ நிலவறையில படுக்க வெச்சிருக்கற பீப்பாய்லருந்து கை வலுவாலயே இழுத்து மேல கொண்டு வர்றது.

வித்தியாசம் குழாய்ல இல்ல, பீப்பாயில இருக்கு. ரியல் ஏல் ப்ரூவரியில, அதாவது பீர் காய்ச்சற எடத்துல இருந்து வரும்போது முடிஞ்ச சரக்கா வர்றதில்ல. ஈஸ்ட் இன்னும் உயிரோட இருக்கு, பீப்பாய்க்குள்ளயே ரெண்டாவது தடவை நொதிக்கும், அந்த மெல்லிசான நொரை அதுல இருந்து வர்றதுதான். காஸ்க்னு சொல்ற அந்தப் பீப்பாய பப்புக்காரர் நிலவறையில அசைக்காம படுக்கப் போட்டு, மேல இருக்கற தக்கையில காத்து கசியற ஒரு மர ஆப்பு அடிச்சு அதிகமான காஸ வெளிய விடுவார், அது நொரச்சு அடங்கற வரைக்கும் காத்திருப்பார், அப்புறம் கெட்டி ஆப்பு போட்டு மூடுவார், கசடு கீழ எறங்கித் தெளியணும், ருசி பாக்கணும், இதெல்லாம் முடிய ஒண்ணு ரெண்டு நாள் ஆகும். நிலவறை சூடு 11லருந்து 13 டிகிரி செல்சியஸ்குள்ள இருக்கணும். தெறந்ததுக்கு அப்புறம் உள்ள காத்து போக ஆரம்பிச்சிடும், மூணு நாளுக்குள்ள வித்துத் தீக்கணும், இல்லேன்னா ருசி செத்துப் புளிச்சுடும். இட்லி மாவு எப்படி மொத நாள் ஒரு மாதிரி, மூணாவது நாள் வேற மாதிரியோ, கள்ளு காலையில எறக்குனது ஒண்ணு சாயங்காலம் ஒண்ணோ, அதே கணக்குதான். சின்ன பீப்பாய் ஃபர்கின்னு சொல்லுவாங்க, அதுலயே 72 பைண்ட் இருக்கு. மூணு நாள்ல 72 பைண்ட் குடிக்க ஆள் வரலேன்னா மிச்சத்த அந்த மனுஷன் சாக்கடையில கொட்டணும். அதனாலதான் ஆள் வராத பப்புல மொதல்ல காணாமப் போறது ரியல் ஏல்தான், நான் ஒவ்வொரு தடவையும் ஹேண்ட்பம்ப் பக்கமே கைய காட்டறதுக்குக் காரணமும் இதுதான்.

ஒரு காலத்துல மொத்தமாவே அழிஞ்சுபோற நெலமை வந்துச்சு, பெரிய கம்பெனிங்க எல்லாம் காஸ் பீருக்கு மாறிட்டாங்க. 1971ல நாலு பேர் சேந்து ஆரம்பிச்ச காம்ராங்கிற அமைப்புதான் குடிக்கிறவங்க பக்கத்துல இருந்து போராடி இத மீட்டுச்சு. வருஷா வருஷம் அவங்க போடற குட் பீர் கைடுல பேர் இருந்தா அந்த பப்போட நிலவறைய நம்பிப் போலாம்.

"பீர் வெதுவெதுன்னு இருக்கு"ன்னு நம்ம பசங்க சொல்றத கேட்டிருப்பீங்க. வெதுவெதுப்பு இல்ல, மண்பானைத் தண்ணி மாதிரி ஒரு குளிர்ச்சி. ஐஸ் மாதிரி குளிர வெச்சா மால்ட்டோட (மொளைகட்டுன பார்லி) இனிப்பும் ஹாப்ஸோட (பீர்ல போடற ஒரு பூ) கசப்பும் நாக்குக்கே தெரியாது. மொத வாய்ல பிடிக்காம போலாம், அவசரப்படாதீங்க, அந்தக் க்ளாஸோட கடைசிப் பாதியில முடிவு பண்ணுங்க.

எதக் கேக்கறது

ஒவ்வொரு ஹேண்ட்பம்ப்லயும் ஒரு பட்டை மாட்டி இருக்கும், பீர் பேர், ப்ரூவரி பேர், ஆல்கஹால் எத்தன சதவீதம்னு. பட்டை திருப்பி வெச்சிருந்தா அது தீந்துபோச்சு இல்ல இன்னும் தெளியலன்னு அர்த்தம், கேக்க வேணாம்.

வகைய ரொம்ப சுருக்கமா சொல்றேன். பிட்டர்ங்கறது செம்பு நெறத்துல, கொஞ்சம் கசப்பா, பெரும்பாலும் நாலு சதவீதத்த ஒட்டி, மொத தடவைக்கு இதுவே சரி. கோல்டன் ஏல் வெளிறிய மஞ்சள்ல எலுமிச்ச வாசனையோட, லாகர் குடிச்சுப் பழகுனவங்களுக்கு எளிசா எறங்கும். மைல்ட் கருப்பா இருக்கும் ஆனா லேசு, பல பப்புல இப்ப கெடைக்கறதே இல்ல, பாத்தா விடாதீங்க. போர்ட்டர், ஸ்டவுட் ரெண்டும் வறுத்த காப்பிக்கொட்டை மாதிரி, குளிர் காலத்துக்கு. ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல்ங்கறதுல இருக்கற ஐ நம்ம இந்தியாதான், 19ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல பர்ட்டன்ங்கற ஊர்லருந்து கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய்க்குக் கப்பல்ல வந்த பீரோட பேர் அது.

எதுன்னு தெரியலேன்னா வெக்கப்படாம கேளுங்க, "இதுல லோக்கல் எது?"ன்னு. இந்த ஒரு கேள்வி போதும், பக்கத்துல நிக்கற பெரியவரும் சேந்து பதில் சொல்ல ஆரம்பிச்சிடுவார். "கொஞ்சம் டேஸ்ட் பாக்கலாமா"ன்னு கேட்டா சின்ன க்ளாஸ்ல ஒரு வாய் தருவாங்க, காசு கெடையாது, ஆனா ஒண்ணு ரெண்டுக்கு மேல கேக்காதீங்க. அளவு பைண்ட்னா 568 மில்லி, அரை பைண்ட் கேக்கறது ஆம்பளைக்கு அழகில்லன்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க, மூணுல ஒரு பங்கும் பல எடத்துல தர்றாங்க, நாலு பீர் ருசி பாக்கணும்னா அதுதான் சரி.

அவங்க இழுக்கறத நின்னு பாருங்க. க்ளாஸ சாச்சுப் பிடிச்சு, கைப்பிடிய ஒரே சீரா, அவசரமில்லாம தன் பக்கமா இழுப்பாங்க, ஒரு இழுப்புக்கு ஏறக்குறைய அரை க்ளாஸ். உள்ள மொதல்ல பால் மாதிரி கலங்கி சுழலும், அப்புறம் அடியில இருந்து மெதுவா தெளிவு மேல ஏறி வரும், ஒரு நிமிஷத்துல வெளிச்சத்துல பிடிச்சா அந்தப் பக்கம் இருக்கற ஜன்னல் தெரியும். வடக்க யார்க்ஷயர் பக்கம் குழாய் நுனியில ஒரு சின்ன சல்லடை மூடி போட்டு நொரைய கெட்டியா வெப்பாங்க, தெக்கால நொரை கம்மியா இருக்கும், ரெண்டும் சரிதான்.

வாய்ல வெச்சதும் வினிகர் மாதிரி புளிப்பு அடிச்சா அத குடிச்சுத் தீக்கணும்னு இல்ல. ரெண்டு வாய்க்குள்ள பாருக்கு எடுத்துட்டுப் போய் மெதுவா "இது கொஞ்சம் புளிச்சிருக்கோ"ன்னு சொல்லுங்க, நல்ல பப்புல மறுபேச்சு இல்லாம மாத்திக் குடுப்பாங்க. கலங்கலா இருந்தா மட்டும் ஒடனே கொறை சொல்லாதீங்க, இப்ப சில ப்ரூவரி தெளிய வெக்காமலே விடறாங்க, கேட்டுக்கோங்க.

சைவக்காரங்க கவனிங்க, இத யாரும் சொல்லித்தர மாட்டாங்க. ஏல தெளிய வெக்க பழங்காலத்துலருந்து போடற ஐசிங்லாஸ்ங்கறது மீனோட காத்துப்பையில இருந்து எடுக்கறது. கசடோட சேந்து கீழ எறங்கிடும்தான், இருந்தாலும் வேணாம்னு நெனைக்கிறவங்க "வீகனா?"ன்னு கேளுங்க, பட்டையிலயே எழுதி இருக்கறதும் உண்டு.

பீரே வேணாமா, லைம் அண்ட் சோடா கேளுங்க, யாரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க. வூஸ்டர்ஷயர் பக்கம் போனா ஆப்பிள் சைடரும், பேரிக்காய்ல பண்ற பெரியும் உண்டு, அந்த ஜில்லாவோட சின்னத்துலயே கருப்புப் பேரிக்காய் இருக்கு. ஆனா சைடர ஜூஸ்னு நெனச்சுக் குடிச்சிடாதீங்க, பிட்டர விட ஏறும்.

சாப்பாடு

மெனு அட்டைய விட செவுத்துல மாட்டி இருக்கற கரும்பலகைய மொதல்ல பாருங்க, அன்னைக்கு என்ன வந்திருக்கோ அதுதான் அதுல எழுதி இருப்பாங்க.

ஃப்ளீஸுக்குப் போறதா இருந்தா ஏப்ரல் கடைசியில இருந்து ஜூன் நடுவுக்குள்ள போங்கன்னு நான் சொல்லுவேன், ஆஸ்பராகஸ்ங்கற பச்சைக் குருத்துக் காயோட சீசன் அதுதான். ஏப்ரல் 23 செயின்ட் ஜார்ஜ் நாள்ல ஆரம்பிச்சு ஜூன் 21 வாக்குல முடிஞ்சிடும், அதுக்கப்புறம் செடிய வெட்டாம விட்டாதான் அடுத்த வருஷத்துக்குத் தெம்பு இருக்கும். ஈவ்ஷம் சமவெளி ஆஸ்பராகஸுக்கு நம்ம மதுரை மல்லி மாதிரி புவிசார் பேர் பாதுகாப்பு இருக்கு, அந்த ஊர்க்காரங்க அத "க்ராஸ்"னு செல்லமா சொல்லுவாங்க. சீசன்ல இந்த பப்புலயே ஆஸ்பராகஸ் ஏலம் நடக்கும், கட்டுக் கட்டா வெச்சு ஏலம் விட்டு வர்ற காசு நல்ல காரியத்துக்குப் போகும், ஊர் பேண்டு வாசிக்கும். நம்ம ஊர் தண்ணீர்விட்டான் கிழங்கும் இதோட சொந்தம்தான், அங்க கிழங்கு, இங்க குருத்து. சமைக்கறதும் பெருசா ஒண்ணும் இல்ல, கொதிக்கற தண்ணியில கொஞ்ச நேரம், மேல வெண்ணெய், பக்கத்துல ஒரு முட்டை. காலையில வெட்டுனத மதியம் கடிச்சா நறுக்குன்னு ஒடஞ்சு பச்சைப் பட்டாணி மாதிரி இனிக்கும், சூப்பர்மார்க்கெட்ல ப்ளாஸ்டிக் உறையில பெரு நாட்டுலருந்து வர்றத மட்டும் சாப்பிட்டவங்களுக்கு இது வேற காய்னே தோணும்.

மத்த நாள்ல பை, அதாவது மேல மாவு மூடி வெந்த கறி, இல்ல சாசேஜும் மசிச்ச உருளையும். மதியத்துக்கு லேசா வேணும்னா ப்ளவ்மேன்ஸ் லன்ச், ஒரு துண்டு நல்ல சீஸ், ரொட்டி, வெங்காய ஊறுகாய், ஆப்பிள், பிட்டருக்கு அதவிட ஜோடி கெடையாது. ஞாயித்துக்கிழமைன்னா ரோஸ்ட். மாட்டுக்கறியோ கோழியோ, மொறுமொறு உருளை, யார்க்ஷயர் புட்டிங் (இனிப்பு இல்ல, மாவும் முட்டையும் கலந்து உப்ப சுட்டது), க்ரேவி. காரம் வேணும்னு கேட்டா ஹார்ஸ்ராடிஷ் சாஸ் இல்ல இங்கிலீஷ் மஸ்டர்ட் தருவாங்க, மொளகாக்காரம் மாதிரி நாக்குல நிக்காது, மூக்குல ஏறும், கொஞ்சமா வெச்சு ஆரம்பிங்க.

மாடு சாப்பிடாதவங்க ரெண்டு கேள்வி கேக்கணும். யார்க்ஷயர் புட்டிங்கும் ரோஸ்ட் உருளையும் சில எடத்துல மாட்டுக் கொழுப்புலதான் வேகும், தட்டுல வர்ற சூடான சிப்ஸும், அதாவது நீளமா வெட்டிப் பொரிச்ச உருளையும் அப்படித்தான், அது என்ன எண்ணெயின்னு கேளுங்க. நட் ரோஸ்ட் மாதிரி சைவ ரோஸ்ட் இருந்தாலும் க்ரேவி தனியாவான்னு கேளுங்க. அலர்ஜி இருந்தா கண்டிப்பா சொல்லிடுங்க, 14 அலர்ஜிப் பொருள் பத்தி கேட்டா பதில் சொல்ல வேண்டியது சட்டப்படி அவங்க பொறுப்பு.

கூட்டமா போனா, கெளம்பும்போது

ரவுண்டுன்னு ஒரு வழக்கம் இருக்கு. நாலு பேரா போனா ஒருத்தர் நாலு பேருக்கும் வாங்குவார், அடுத்த ரவுண்டு அடுத்தவர். மொத ரவுண்ட வாங்கிக் குடிச்சுட்டு நம்ம முறை வரும்போது நழுவறது ரொம்பத் தப்பா எடுத்துக்குவாங்க, சின்ன ஊர்ல அது ஞாபகமும் இருக்கும். நாலு குடிக்க முடியாதுன்னா ஆரம்பத்துலயே "நான் என்னோடத தனியா வாங்கிக்கறேன்"ன்னு சொல்லிடுங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. சிப்ஸ் பாக்கெட் வாங்குனா அத மொத்தமா பிரிச்சு மேசை நடுவுல விரிச்சு வெக்கிறது ஒரு அழகு. ஃப்ளீஸ்ல மட்டும் லோலா அம்மாவ நெனச்சுக்கிட்டு சிப்ஸ மறந்துடுங்க.

பார்ல டிப்ஸ் வெக்க வேண்டியதில்ல. நல்லா கவனிச்சுக்கிட்டாங்கன்னா காசு குடுக்கும்போது "உங்களுக்கும் ஒண்ணு எடுத்துக்கோங்க"ன்னு சொல்லலாம், ஒரு டிரிங்க் காச அதுல சேத்து எடுத்துப்பாங்க, டிப்ஸ விட அதுக்குத்தான் முகம் மலரும்.

ராத்திரி மணி அடிச்சா பயந்துடாதீங்க, மொத மணி "கடைசி ஆர்டர்", அடுத்தது "நேரம் ஆச்சு", அதுக்கப்புறமும் கையில இருக்கறத குடிச்சு முடிக்க கொஞ்ச நேரம் விடுவாங்க. டாக்ஸிக்காரருக்கு அந்த மொத மணிக்கே ஒரு ஃபோன் போடுங்க, உள்ள சிக்னல் இருக்காது, சுவரெல்லாம் அவ்வளவு கனம், வாசலுக்கு வந்துதான் பேசணும். கோட்டு மாட்டிக்கிட்டு கெளம்பும்போது காலி க்ளாஸ் எல்லாத்தையும் ஒரு கையில கோத்து எடுத்துட்டுப் போய் கவுண்டர்ல வெச்சுட்டு ஒரு தேங்க்ஸ் சொல்லுங்க, "சியர்ஸ், பாத்துப் போங்க"ன்னு ஒரு குரல் திரும்பி வரும், கதவுகிட்ட உத்தரத்துல தல இடிக்காம குனிஞ்சு போங்க.